திரும்பி வரத் தெரிந்தவர்களின் யாத்திரை



வரும் பிப்ரவரியில் நம் வாலிபர் குழுவிலிருந்து ஒன்பது பேர் ஸ்பெயின் தேசத்தில் லெயோன் நகரத்திலிருந்து சந்தியாகோ தெ கொம்பொஸ்தெலா வரை நடக்கப் போகிறோம். ஏறத்தாழ 310 கிலோமீட்டர், 15 நாள் நடை. அறிவிப்பு வாசித்த ஞாயிறு முதல், ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரமெல்லாம் இதே பேச்சுதான். கேட்டவர்கள் எல்லாரும் மூன்று கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "அது ஆர்.சி. ஆட்களுடைய வழக்கமாச்சே, நமக்கு எதுக்கு பாதயாத்திரை?" "போறதுதான் போறீங்க, வெயில் காலத்துல போகக்கூடாதா?" "பிள்ளைங்க பத்திரமா வருவாங்களா?" மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஆகவே எழுதிவிடுகிறோம்.

நமக்கு எதற்கு யாத்திரை?

கேள்வி நியாயமானது. நம் முன்னோர் இதைப் பற்றிச் சும்மா இருக்கவில்லை. 1530-இல் லூத்தரன் சபையார் வாசித்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 20-ஆம் பிரிவு, தேவையில்லாத கிரியைகளின் வரிசையில் யாத்திரையையும் சேர்த்திருக்கிறது. மார்ட்டின் லூத்தர் இதே சந்தியாகோ யாத்திரையைக் கேலி செய்தே பிரசங்கித்தார். செபதேயுவின் குமாரனாகிய யாக்கோபின் எலும்புகள் அங்கே இருப்பதாகச் சொல்லித்தான் ஐரோப்பா முழுவதும் அந்த ஊருக்கு நடந்தது. வேதத்தில் யாக்கோபு ஏரோதின் பட்டயத்தால் கொல்லப்பட்டதோடு அவருடைய சரித்திரம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நாம் தேடிப் போகவில்லை.

ஆனால் லூத்தர் நடக்காமல் உட்கார்ந்துகொண்டு பேசியவர் அல்ல. துறவியாக இருந்த நாட்களில், 1510-11 குளிர்காலத்தில் என்று வழக்கமாகச் சொல்வார்கள், தம் மடத்தின் காரியமாக ஜெர்மனியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமாபுரி வரைக்கும் கால்நடையாகவே போனார். அங்கே 28 படிகள் கொண்ட ஒரு மாடிப்படியை முழங்காலில் ஏறி, படிக்குப் படி கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி, தம் தாத்தாவின் ஆத்துமாவுக்காக வேண்டினார். பின்னாளில் அவர் மறுத்தது நடப்பதை அல்ல. இத்தனை மைலுக்கு இத்தனை புண்ணியம் என்று போடும் கணக்கை.

அந்தக் கணக்கை எடுத்துவிட்டால், நடப்பது வேதத்துக்கு அந்நியமானதா? 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களை எருசலேமுக்கு ஏறிப்போன ஜனங்களோடுதான் நாம் சேர்த்து நினைக்கிறோம். நம் ஆண்டவர் 12 வயதில் பெற்றோரோடு அந்தப் பண்டிகைப் பயணம் போனார். அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தில், கூட வந்தவர்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு, பவுல் துரோவாவிலிருந்து ஆசோ பட்டணம் வரை தரைவழியாய்ப் போகிறார். தமிழ்ச் சபைக்கும் இது புதிதல்ல. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்ச பிரயாணத்தைத் தழுவி, திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தையே தந்தார். வாழ்க்கையே யாத்திரை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கால்தான் இதுவரை நடக்கவில்லை.

சந்தியாகோவில் ஒரு சான்றிதழ் தருவார்கள். குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்து, வழியெங்கும் கடவுச்சீட்டு மாதிரியான ஓர் அட்டையில் முத்திரை வாங்கி வந்தவர்களுக்கு லத்தீன் மொழியில் எழுதிக் கொடுப்பார்கள். விரும்புகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம், வீட்டுச் சுவரில் மாட்டலாம். பரலோகத்தில் அதை யாரும் கேட்கப்போவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இதை இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் உபதேசம் மட்டும் அல்ல. குளிர்கால மலைப்பாதையில் இந்த ஒரு நம்பிக்கை உயிரையே காப்பாற்றும். போய்ச் சேர்ந்தால்தான் பலன் என்று நினைக்கிறவர் நடுவழியில் நிற்க மாட்டார். பனி மூடினாலும், கால் மரத்தாலும், "இன்னும் கொஞ்சந்தானே" என்று போய்க்கொண்டேயிருப்பார். கிருபையினாலே எல்லாம் முன்பே கிடைத்துவிட்டது என்று அறிந்தவருக்கு நிற்கவும், திரும்பவும், பஸ் ஏறவும் சுதந்திரம் இருக்கிறது. எங்கள் ஆயத்தம் முழுவதும் இந்தச் சுதந்திரத்தின்மேல் கட்டப்பட்டது.

ஏன் பனிக்காலத்தில்?

உண்மையான காரணம் எளிது. கோடையில் லீவு கிடைத்தால் ஊருக்குப் போக வேண்டும். கல்யாணம், கிரகப்பிரவேசம், பாட்டியைப் பார்ப்பது என்று ஆறு வாரமும் அதிலேயே கரைந்துவிடும். கிறிஸ்மஸ் காலத்தில் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்கிற எங்களுக்கு லீவு கனவு. பிப்ரவரியில்தான் ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தது.

அதில் ஒரு நன்மையும் உண்டு. 2024-இல் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் சந்தியாகோவில் அந்தச் சான்றிதழைப் பெற்றார்கள். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வருகிறவர்கள்தான் மிகக் குறைவு. கோடையில் படுக்கைக்கு ஓட வேண்டிய பாதையில், அப்போது காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். லண்டனில் இருந்துகொண்டு அமைதிக்கு ஏங்காதவர் யார்?

ஆனால் கூட்டம் இல்லை என்றால் உதவிக்கு ஆளும் இல்லை. பல விடுதிகளும் கடைகளும் குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு இரவுக்கும் எந்த விடுதி திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் அந்த நாளின் தூரத்தை முடிவு செய்கிறோம். கலிசியா மாகாணத்துக்குள் போனபின் அரசாங்க விடுதிகள் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதால் அங்கே கவலை குறைவு.

பாதையும் அதன் இரண்டு மேடுகளும்

பலரும் இந்த யாத்திரையை பிரான்ஸ் எல்லையில் சேன் ஜான் என்ற ஊரிலிருந்து தொடங்குவார்கள். அங்கிருந்து பிரனீஸ் மலைக்கு மேலே போகும் பாதையை நவார் மாகாண அரசு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடிவிடுகிறது. மீறினால் அபராதம். வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியாகக் கீழ்ப்பாதை ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அதுதான் வழி. இத்தனை சொல்லியும் மேல்பாதையில் ஏறி மாட்டிக்கொண்டு, மீட்புக்குழுவால் இறக்கப்பட்டவர்கள் உண்டு. நாங்கள் லெயோனிலிருந்தே தொடங்குவதால் அந்த மலை எங்கள் வழியில் இல்லை.

அதற்காக எங்கள் பாதை சமதளம் அல்ல. அஸ்தோர்கா தாண்டியதும் பாதை ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரும்புச் சிலுவைக்குப் போகும். ஸ்பானிய மொழியில் க்ரூஸ் தெ ஃபெர்ரோ என்பார்கள். அங்கிருந்து மொலினசெகா ஊருக்குள் இறங்கும்போது 900 மீட்டர் இறக்கம். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இதுதான் சோதனை. அதன்பின் பொன்ஃபெராதா, வில்லாஃப்ராங்கா ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 1,300 மீட்டரில் ஓ செப்ரெய்ரோ கிராமம். அதற்குப் போகும் கடைசி 8 கிலோமீட்டரில் மட்டும் 600 மீட்டர் ஏற்றம். இந்த இரண்டு இடங்களிலும் பிப்ரவரியில் பனி இருக்கும் என்றே எண்ணிப் போகிறோம். மேலே போகப் போக 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும். அடிவாரத்தில் பெய்யும் மழை, மேலே பனியாகத்தான் விழும்.

ஓ செப்ரெய்ரோ தாண்டினால் கலிசியா. அங்கே பனி குறையும், மழை கூடும். நான்கு நாள் விடாமல் பெய்தாலும் ஆச்சரியப்படக்கூடாது. எங்களுக்கு மலையைவிட இந்த மழையின்மேல்தான் பயம் அதிகம். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிப்ரவரித் தொடக்கத்தில் அந்தப் பக்கம் காலை எட்டரை மணிக்கு மேல்தான் விடியும்; மாலை ஏழு மணிக்குள் இருட்டிவிடும். ஏறத்தாழ 10 மணி நேர வெளிச்சம். ஒரு நாளைக்குச் சராசரி 21 கிலோமீட்டர், நிற்பது உண்பது எல்லாம் சேர்த்து 7 மணி நேரம். மீதி 3 மணி நேரம் எங்கள் கைமுதல். அதை எடுத்துச் செலவு செய்யக்கூடாது. 15 நாள் நடைக்கு மேல் 2 நாள் உபரி வைத்திருக்கிறோம். மலையில் வானிலை கெட்டால் அடிவாரத்தில் காத்திருக்க அந்த நாட்கள்.

காலை முதலில் பழக்குவோம்

செப்டம்பரிலிருந்து சனிக்கிழமைகளில் நடக்கிறோம். முதல் வாரம் 8 கிலோமீட்டர். பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டி வருகிறோம். ஒரேயடியாகக் கூட்டினால் குதிகாலும் கெண்டைக்கால் எலும்பும் பழிவாங்கும். தை மாதம் பிறப்பதற்குள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 18 கிலோமீட்டர் நடக்க முடிய வேண்டும். ஒரு நாள் நடப்பது யாருக்கும் முடியும். மறுநாள் காலை வலியோடு எழுந்து நடப்பதுதான் யாத்திரை. அந்த ஞாயிறுகளில் ஆராதனை முடிந்து மத்தியானத்துக்கு மேல் கிளம்புவோம், ஆகவே போதகர் கவலைப்பட வேண்டாம்.

ஏற்றத்துக்கு சர்ரே பக்கம் பாக்ஸ் ஹில் போகிறோம். 224 மீட்டர்தான். ஆனால் மூன்று முறை ஏறி இறங்கினால் தொடை தன் சாட்சியைச் சொல்லிவிடும். அங்கே சுண்ணாம்பு மண் மழையில் சோப்பு மாதிரி வழுக்கும். கலிசியாவின் சேற்றுக்கு நல்ல பள்ளிக்கூடம். மழை பெய்தால் பயிற்சி ரத்து என்று யாரும் வாட்சாப்பில் போட வேண்டாம். மழை பெய்தால்தான் பயிற்சி.

சப்பாத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, நடக்கப்போகும் தடித்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். முன்விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். புதுச் சப்பாத்தோடு விமானம் ஏறுகிறவரை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்புவோம்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. அரைமணி நேரத்துக்கு முன்பே அந்த இடம் சூடாக எரியும். எரிந்தவுடன் நின்று, காலுறையைக் கழற்றி, துடைத்து, பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். "அடுத்த கடையில பாத்துக்கலாம்" என்பவர்தான் நாலாம் நாள் நொண்டுவார். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்கும் பழக்கமும் வேண்டாம். ஐபுப்ரோஃபென் வலியை மறைக்கும், காயத்தை ஆற்றாது. தண்ணீர் குறைவாகக் குடித்த உடம்பில் அது சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. குளிரில் தாகம் தெரியாது என்பதால், தாகம் எடுக்காவிட்டாலும் மணிக்கு ஒருமுறை குடிக்க வேண்டும்.

நடக்க வருகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்மசுக்குள் தங்கள் குடும்ப மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தங்கைகளே, எப்போதும் களைப்பாக இருக்கிறதென்றால் சோம்பல் என்று அம்மா சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். இரத்தத்தில் இரும்புச் சத்தைப் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் நாட்கள் வழியில் வந்தால் என்ன செய்வது என்பதையும் பயிற்சிச் சனிக்கிழமையில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறோம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மலையேறுவதற்கு, முன்கூட்டியே பேசிவிடுவது மேல்.

மேலங்கியைக் கொண்டு வா

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். ஓட்டத்தை முடித்தேன் என்று சொல்லும் அதே இடத்தில், துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன் வந்துசேரும்படியும் கேட்டுக்கொள்கிறார். அத்தனை பெரிய அப்போஸ்தலனுக்கே குளிருக்கு மேலங்கி வேண்டியிருந்தது. விசுவாசம் உள்ளவனுக்கு ஜாக்கெட் எதற்கு என்று நம்மில் யாரும் கேட்க வேண்டாம்.

உடுப்பு மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி, வியர்வையை வெளியே தள்ளும் மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூல் சட்டை. அதற்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத ஜாக்கெட், அதேபோல் கால்சட்டை. காட்டன் மட்டும் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி வரப்பிரசாதம். ஆனால் நனைந்தால் காயாது, ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸும் பருத்திதான் என்பதைத் தம்பிமார் கவனிக்க. ஏற்றத்தில் வியர்க்கும் முன் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள். சோம்பல்பட்டு வியர்த்து நனைந்தவர், உச்சியில் காற்றடிக்கும்போது நடுங்குவார்.

பையின் எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு, குளிர்காலத்துக்காக அதற்கு மேல் ஒரு கிலோ. அவ்வளவுதான். 60 கிலோ உள்ளவருக்கு 7 கிலோ, தண்ணீரும் சேர்த்து. இரண்டு செட் உடுப்பு, மூன்று ஜோடி காலுறை, படுக்கைப் பை, தொப்பி, இரண்டு ஜோடி கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, ஊன்றுகோல் இரண்டு, பனியில் சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் பட்டை. ஒரு காய்ந்த செட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, எவ்வளவு நனைந்தாலும் நடக்கும்போது உடுத்தக்கூடாது. அது இரவுக்கும் ஆபத்துக்கும் உரியது.

சாப்பாட்டைப் பற்றிப் பெற்றோர் கவலைப்பட வேண்டாம். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் இந்தப் பாதைக்கென்றே செய்தது போன்றவை. பருத்தித்துறை வடை ஒரு டப்பா தருவதாக யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதை மறக்க மாட்டோம். கலிசியாவில் கீரையும் உருளைக்கிழங்கும் பயறும் போட்டு ஒரு சூப் வைப்பார்கள். சுடச்சுடக் குடித்தால் நம் வீட்டுக் குழம்பை நினைத்து அழத் தேவையில்லை.

ஆவணங்களும் பையில் சேர்ந்தவை. இங்கே வசிக்கிறவர்களுக்கு ஸ்பெயினில் அரசு மருத்துவம் பெற உதவும் இலவச சுகாதார அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது மலை மீட்புக்கு உதவாது. அதற்குத் தனிப் பயணக் காப்பீடு வேண்டும். மாணவர் விசாவில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஷெங்கன் விசா வேண்டும். தூதரக நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும், இன்றே தொடங்குங்கள். அவசர எண் ஸ்பெயின் முழுவதும் 112. ஸ்பானிய போலீசாரின் அலர்ட்காப்ஸ் செயலியைப் போனில் போட்டுவையுங்கள். ஆபத்தில் நாம் இருக்கும் இடத்தை அது அவர்களுக்குக் காட்டும்.

குளிர் ஆளை எப்படி ஏமாற்றும்

உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதைத்தான் ஹைப்போதெர்மியா என்கிறோம். அதற்குப் பனிமலை தேவையில்லை. 6 டிகிரி, மழை, காற்று, நனைந்த சட்டை, காலியான வயிறு. இந்த ஐந்தும் சேர்ந்தால் போதும். கலிசியாவின் மழைக்கு நாங்கள் பயப்படுவது இதனால்தான்.

முதலில் நடுக்கம். பிறகு விரல்கள் பொத்தானைப் போட மறுக்கும், பேச்சு குழறும், கால் தடுக்கும், ஆள் எரிந்து விழுவார் அல்லது மௌனமாகிவிடுவார். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, நடுக்கம் நிற்பது. நன்றாகிவிட்டார் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உடம்பு போராட்டத்தைக் கைவிட்டிருக்கிறது என்பதே அதன் அர்த்தம். இன்னொரு காரியம்: குளிர்ந்த மூளைக்குத் தான் குளிர்ந்திருப்பது தெரியாது. "ஐ ஆம் ஃபைன் அக்கா" என்று அவரே சொல்வார். ஆகவே யாரும் தனக்குத் தானே சாட்சி அல்ல. இரண்டிரண்டு பேராகத்தான் நடப்போம். ஒருவரையொருவர் பார்ப்பது அந்த இருவரின் வேலை.

நம் நிறத்துக்கு ஒரு குறிப்பு. முகம் சிவக்கிறதா, நீலம் பாய்கிறதா என்று புத்தகங்களில் எழுதியிருப்பது வெள்ளைத் தோலுக்கு. நம் தோலில் அது எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறம், நகத்தின் அடி, உள்ளங்கை ஆகியவற்றைப் பாருங்கள். விரல் நுனியோ காது மடலோ சாம்பல் பூத்து, உணர்வில்லாமல் மெழுகுபோல் இருந்தால் அது உறையத் தொடங்குகிறது.

அப்படிக் கண்டால் காற்றும் மழையும் படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, தலையை மூடி, தரையின் குளிர் ஏறாமல் கீழே பையையோ பாயையோ போட்டு உட்காரவையுங்கள். தெளிவாக விழுங்க முடிகிறவர் என்றால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி அதற்குத்தான். கைகாலைத் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள், வைன் ஒரு மடக்கு என்று யாராவது நீட்டினால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். மது சூட்டைத் தருவதுபோல் காட்டி வெளியே விட்டுவிடும். பேச்சு குழம்பினால் தாமதிக்காமல் 112.

ஒரு தாய் கேட்ட கேள்வி

எங்கள் குழுவில் ஒரு தம்பிக்குச் சிறுவயது முதல் முதல்வகை நீரிழிவு. நாளுக்கு நாலைந்து முறை இன்சுலின். அவரும் அவர் அம்மாவும் சம்மதித்ததால் எழுதுகிறோம். அந்த அம்மா ஒரு ஞாயிறு, மற்றவர்கள் போனபின், கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, நீங்க நர்சுப் பிள்ளைங்க சொல்லுங்க. எம்பிள்ளைய நம்பி அனுப்பலாமா? சந்தியாகோ வரைக்கும் கூட்டிட்டுப் போயிருவீங்களா?"

அனுப்பலாமா என்பதற்கு எளிதில் பதில் சொல்ல முடியவில்லை. இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். பிறகு இளகினாலும் உதவாது, எறிய வேண்டியதுதான். சர்க்கரை பார்க்கும் கருவி கடுங்குளிரில் வேலை செய்யாது. நாள் முழுதும் நடந்தால் சர்க்கரை நடக்கும்போது மட்டும் அல்ல, நள்ளிரவில் தூக்கத்திலும் இறங்கும். எல்லாவற்றையும்விட, சர்க்கரை இறங்கித் தடுமாறுகிறவரும் குளிரில் தடுமாறுகிறவரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பார்கள். இரண்டிலும் பேச்சு குழறும், கால் பின்னும், கோபம் வரும்.

ஆகவே அந்தத் தம்பியின் நீரிழிவு மருத்துவர் குழுவோடு அவரே பேசி, நடைநாட்களுக்கான மருந்தளவைக் குறித்து வாங்கியிருக்கிறார். இன்சுலினும் கருவியும் பையில் அல்ல, சட்டைக்கு உள்ளே உடம்பை ஒட்டிய பையில் போகும். இரண்டாவது செட் இன்னொருவரிடம் இருக்கும். குளுக்கோஸ் மாத்திரை ஒன்பது பேர் சட்டைப் பையிலும் உண்டு. தடுமாறினால் யோசிக்காமல் முதலில் சர்க்கரையைப் பார்ப்பது என்று எல்லாரும் பழகியிருக்கிறோம். ஆஸ்துமா உள்ள ஒரு தங்கைக்கும் இதே முறைதான்: நீல நிற இன்ஹேலர் உள்பையில், வாயையும் மூக்கையும் மூடச் சால்வை, ஏற்றத்தில் அவர் சொல்வதுதான் வேகம்.

"சந்தியாகோ வரைக்கும்" என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிதாக இருந்தது. அந்த வாக்கு எங்களால் தர முடியாது என்று சொன்னோம். ஒன்பது பேர் போய் ஒன்பது பேராகத் திரும்புவதற்காக எங்கே வேண்டுமானாலும் யாத்திரையை நிறுத்துவோம். அந்த வாக்கை மட்டும் தருகிறோம் என்றோம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அனுப்பறேன்" என்றார்.

ஒன்பது பேர் கையெழுத்திட்ட விதிகள்

அந்த வாக்கைக் காப்பாற்ற விதிகள் வேண்டும். மலையில், களைப்பில், குளிரில், விவாதம் நடத்த முடியாது. எனவே இங்கே, சூடான ஹாலில், டீயோடு உட்கார்ந்து முடிவு செய்து ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டோம்.

1. குழுவில் மெதுவாக நடப்பவரே முன்னால் நடப்பார்.

2. யார் "நிற்கணும்" என்றாலும் எல்லாரும் நிற்போம். காரணம் கேட்க மாட்டோம். அதைப் பற்றிப் பின்னால் கேலியும் இல்லை.

3. மத்தியானம் 1 மணிக்குப் பாதித் தூரம் தாண்டாவிட்டால், பக்கத்து ஊரோடு அன்றைய நடை முடிந்தது.

4. இரும்புச் சிலுவைக்கும் ஓ செப்ரெய்ரோவுக்கும் ஏறும் காலையில் விடுதிக்காரரிடமும் வானிலை அறிவிப்பிலும் கேட்போம். பாதை வேண்டாம் என்றால் தார்ச்சாலை. சாலையும் வேண்டாம் என்றால் காத்திருப்போம், அல்லது டாக்சி.

5. ஒருவர் திரும்ப வேண்டியிருந்தால் இன்னொருவர் கூடப் போவார். அந்த இன்னொருவர் யார் என்பதை ஒவ்வொரு காலையும் முன்பே குறித்துவைப்போம்.

ஐந்தாவது விதிதான் கடினமாக இருந்தது. லீவும் பணமும் செலவழித்து, மாதக்கணக்கில் பயிற்சி செய்து, பிறருக்காகப் பாதியில் திரும்ப யாருக்கு மனம் வரும்? ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்று ஞாயிறுபள்ளியில் மனப்பாடம் செய்தது, அந்த மாலை கையெழுத்தாக மாறியது. பேனா சிலரிடம் சற்று நேரம் நின்றது. ஆனால் எல்லாரும் போட்டார்கள்.

எலியாவுக்குத் தேவதூதன் செய்தது

1 இராஜாக்கள் 19-இல், சூரைச்செடியின் கீழ் சாகும்படி வேண்டிக்கொண்டு படுத்திருக்கிறான் எலியா. கர்த்தருடைய தூதன் அவனுக்கு உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து எழுப்புகிறான், தூங்கவிடுகிறான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். 40 நாள் நடையும், ஓரேப் மலையும், அந்த மெல்லிய சத்தமும் அதற்குப் பின்புதான். சாப்பாடும் தூக்கமும் ஆவிக்குரிய ஆயத்தத்துக்கு வெளியே நிற்பவை அல்ல. வார்டில் இரவுப் பணி செய்கிற எங்களுக்கு இந்த அதிகாரம் ஒவ்வொரு முறையும் ஆறுதல்.

ஆரோகண சங்கீதங்கள் மொத்தம் 15. எங்கள் நடையும் 15 நாள். காலையில் கிளம்பும் முன் ஒன்றை வாசித்து, முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் அதையே மனதில் வைத்து நடப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். நீங்களும் வீட்டில் குடும்ப ஜெபத்தில் அதே நாளில் அதே சங்கீதத்தை வாசித்தால், கூட நடந்த மாதிரி இருக்கும். நடக்கும் நாட்களும் சங்கீதங்களும் அடங்கிய அட்டவணையை ஜனவரி இதழில் தருகிறோம். மலையில் காத்திருக்கும் உபரி நாள் வந்தால் அன்று முந்தைய நாளின் சங்கீதத்தையே மறுபடி வாசியுங்கள். நாங்களும் அதைத்தான் செய்வோம்.

நடக்க வராவிட்டாலும் சனிக்கிழமைப் பயிற்சிக்கு யாரும் வரலாம். கிங்ஸ்டன் ஸ்டேஷனில் காலை 8 மணி. அப்பாமார், அம்மாமார், 60 வயதைத் தாண்டிய அண்ணன்மார் எல்லாருக்கும் இடமுண்டு. மெதுவாக நடப்பவரே முன்னால் என்பதால் யாரும் பின்தங்க வழியில்லை. காட்டன் சட்டை வேண்டாம். ஃபிளாஸ்க் கொண்டு வாருங்கள்.

எங்களுக்காக ஜெபிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சந்தியாகோவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் ஜெபிக்காதீர்கள். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் புத்தியையும், திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பும் தாழ்மையையும், ஒருவரையொருவர் விட்டுவிடாத அன்பையும் கர்த்தர் தரும்படி ஜெபியுங்கள். அவை கிடைத்துவிட்டால், எந்த ஊரில் நின்றாலும் எங்கள் யாத்திரை முடிந்ததாகவே இருக்கும்.